தண்ணீருக்குள் கேட்கும் மான்

ஊரே முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். எங்கள் பகுதியான பிரிக்ஃபீல்ட்ஸில் நான் வழக்கமாகச் சாப்பிடும் கடையில் ஆர்டர் எடுப்பவர் வாயைத் திறக்காமலே பேசினார். எல்.ஆர்.டி. ரயிலில் அடுத்த நிலையத்தின் பெயரை அறிவிக்கும் பெண் யாருக்கோ ரகசியம் சொல்வதுபோல் சொன்னாள். லிஃப்டில் பக்கத்து வீட்டம்மா உதட்டை மட்டும் அசைத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இந்தக் காலத்தில் யாருக்கும் வாயைத் திறந்து பேச உடம்பு வணங்கவில்லை என்று எல்லோரையும் மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். திட்டுவதற்கு எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

கோளாறு என் காதில்தான் என்று எனக்குப் புரியவைத்தவர் கண் தெரியாத ஒருவர். எங்கள் பகுதியில் பார்வையற்றவர்கள் நிறையப் பேர் நடமாடுவார்கள். அவர்கள் கம்பால் தடவிப் போவதற்கு நடைபாதை நெடுக மஞ்சள் ஓடு பதித்திருக்கிறார்கள். ஒரு சாயங்காலம் பூக்கடைக்குப் பக்கத்தில் அந்த மஞ்சள் ஓட்டின்மேலேயே நின்று போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தேன். முழங்காலில் கம்பு பட்டது. திரும்பினால் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர்.

"அண்ணே, வழி விடுங்கன்னு எத்தன தடவதான் கூப்பிடுறது? உங்க போன் சத்தம் தெரு முனை வரைக்கும் கேக்குதுலா. நான் கூப்பிட்டது உங்களுக்குக் கேக்கலியா?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். "சாரி பாஸ்" என்று ஒதுங்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் வானொலியைப் போட்டு ஒவ்வொரு காதாகப் பொத்திப் பார்த்தேன். இடது காதில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. வலது காதில், சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுவதுபோல் இருந்தது. பயந்துவிட்டேன்.

பயந்ததற்குக் காரணம் உண்டு. நான் பிழைப்பதே குரலை வைத்துத்தான். பெட்டாலிங் ஜெயாவில் ஒரு டயர் கடைக்கு மேல் மாடியில் சின்ன ஒலிப்பதிவுக் கூடம் ஒன்று இருக்கிறது. தொலைக்காட்சிக்காக வரும் ஆங்கில விலங்குப் படங்களுக்கு அங்கே தமிழ்க் குரல் கொடுக்கிறேன். சிங்கம் மானை விரட்டும்போது பின்னால் ஒருவர் பதறாமல் பேசிக்கொண்டே இருப்பாரே, அது நான்தான். எங்கள் வேலையில் ஒரு பழக்கம் இருக்கிறது. ஹெட்போனின் ஒரு பக்கத்தைக் காதில் வைத்துக்கொண்டு மறுபக்கத்தைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிடுவோம். மூடிய காதில் ஆங்கிலக்காரர் பேசுவது ஓடும். திறந்த காதில் நம் குரல் நமக்குக் கேட்கும். அவர் மூச்சு வாங்கும் இடத்தில் நாமும் வாங்க வேண்டும், அவர் நிறுத்தும் இடத்தில் நாமும் நிறுத்த வேண்டும். இதற்கு ஒரு காது போதாது. எனக்கு ஒரு காதே முழுசாக இல்லை.

யாரிடமும் சொல்லவில்லை. ஹெட்போனை இடது காதிலிருந்து வலது காதுக்கு மாற்றிக்கொண்டேன். அதுவும் போதாமல் போனபோது படத்தையும் திரையின் மூலையில் ஓடும் நேரத்தையும் பார்த்தே பேசிச் சமாளித்தேன். வருஷக்கணக்கில் செய்த வேலை என்பதால் பெரும்பாலும் சரியாகவே வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்கள் பேசும்போது உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

இதைவிடப் பெரிய பயம் ஒன்று வீட்டில் இருந்தது. மனைவி போய்ச் சேர்ந்து சில வருஷமாகிறது. ஒரே மகள் வெளிநாட்டில், பெர்த்தில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுவாள். வாரம் முழுக்க என் வீட்டுக்குள் வரும் ஒரே மனிதக் குரல் அதுதான். அந்தக் குரலும் மெல்ல மெல்லக் கரைந்துபோய், ஏற்ற இறக்கம் மட்டும்தான் மிஞ்சியது. காது கேட்கவில்லை என்று தெரிந்தால், அப்பாவிடம் போனில் பேசி என்ன பயன் என்று கூப்பிடுவதை நிறுத்திவிடுவாளோ என்று பயந்தேன். மெசேஜ் மட்டும் அனுப்புவாள். மெசேஜில் என் மகள் இருக்க மாட்டாள். அதனால் அவள் குரல் கடைசியில் மேலே ஏறினால் கேள்வி என்று எடுத்துக்கொண்டு "ஆமாம்மா" என்பேன். இறங்கினால் "சரிம்மா" என்பேன். இடையில் கொஞ்சம் சிரிப்பேன். ஒருமுறைகூட அவள் "என்னாப்பா, புரியலியா?" என்று கேட்டதில்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

வெளியே போவதையும் குறைத்துக்கொண்டேன். கிள்ளானில் மனைவி பக்கத்துச் சொந்தத்தில் ஒரு கல்யாணம். மண்டபத்தில் மேளமும் ஸ்பீக்கரும் சேர்ந்து அடித்ததில் எனக்குக் கொஞ்சநஞ்சம் கேட்டதும் போய்விட்டது. பந்தியில் இரண்டு பக்கமும் ஆட்கள் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சிரித்தபோதெல்லாம் நானும் சிரித்தேன். பாயசம் வருவதற்கு முன்பே எழுந்து ரயிலைப் பிடித்து வந்துவிட்டேன். தனியாக இருப்பது எனக்குப் பழகிப்போன விஷயம். இத்தனை பேருக்கு நடுவில் தனியாக உட்கார்ந்திருந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் அந்த மான் படம் வந்தது. உண்மையில் அது மான் இல்லை, மான் மாதிரி. இந்தோஹையஸ் என்று பெயர். ஏறக்குறைய ஐந்து கோடி வருஷத்துக்கு முன்னால் காஷ்மீர்ப் பக்கம் வாழ்ந்து அழிந்துபோன பிராணி. பூனையைவிடக் கொஞ்சம் பெரிசு. குச்சிக் கால்கள், கொம்பில்லாத தலை, உடம்புக்குப் பொருந்தாத நீள வால். எங்கள் காடுகளில் இருக்கும் சருகுமானைப் பார்த்தவர்களுக்குப் பார்த்த மாதிரியே இருக்கும். ஆனால் அதைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? சருகுமானுக்கு மலாயில் கான்சில் என்று பெயர். இந்த ஊரில் கான்சில் என்றால் முக்கால்வாசிப் பேருக்கு அந்தச் சின்னக் கார்தான் ஞாபகத்துக்கு வரும்.

வசனத்தை முன்கூட்டியே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்துப் பழகுவது என் வழக்கம். இதையும் அப்படித்தான் படிக்க ஆரம்பித்தேன். அந்தப் பிராணியின் எலும்புகள் இருந்த கற்களைச் சேகரித்த இந்திய நிலவியலாளர் அவற்றை உடைத்துப் பார்க்காமலேயே இறந்துவிட்டாராம். கற்கள் வருஷக்கணக்கில் சும்மா கிடந்திருக்கின்றன. பிறகு வேறு ஒருவர் கைக்குப் போய், அங்கே மண்டையோட்டைச் சுத்தம் செய்யும்போது காதுப் பக்கம் தவறி உடைந்திருக்கிறது. உடைந்த இடத்தில் காதெலும்பின் ஒரு ஓரம் மட்டும் தடித்துப்போய் இருந்தது. காதெலும்பு அப்படித் தடித்திருப்பது திமிங்கல வகைகளுக்கு மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தார்கள். அந்த ஒரு எலும்பை வைத்துத்தான் பூனை அளவு இருந்த இந்தப் பிராணி திமிங்கலத்துக்கு நெருங்கிய சொந்தம் என்று கண்டுபிடித்தார்கள். ஆபத்து வந்தால் அது ஆற்றுக்குள் இறங்கி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றிருக்கும், அந்தக் காதால் தண்ணீருக்குள்ளும் அதற்குக் கேட்டிருக்கலாம் என்றது வசனம்.

அந்த இடம் வந்ததும் படிப்பதை நிறுத்திவிட்டேன். எனக்குப் பொறாமையாக இருந்தது. ஐந்து கோடி வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன ஒரு பிராணிமேல் பொறாமைப்பட்ட முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

படத்தைப் போட்டுப் பார்த்தபோது வேறொரு விஷயம் உறுத்தியது. அந்த எலும்புகள் ஒரே இடத்தில் குவியலாக, ஒன்றோடொன்று கலந்து, நிறையக் கிடைத்தன என்று வசனத்தில் இருந்தது. ஆனால் கம்ப்யூட்டரில் வரைந்த காட்சிகளில் ஒரே ஒரு மான்தான் வந்தது. அது தனியாக இலை தின்றது, தனியாகத் தண்ணீர் குடித்தது, தனியாகவே பயந்தது. இன்னொன்றை வரையக் கஞ்சத்தனப்பட்டிருப்பார்கள். கூட்டமாகச் செத்த பிராணியைத் தனியாக வாழவிட்டிருந்தார்கள். எனக்கு அவர்கள்மேல் உண்மையாகவே கோபம் வந்தது. அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போதும் அந்த மானைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதிவு நாளன்று எல்லாம் நன்றாகத்தான் போனது, அந்தக் காட்சி வரும்வரை. கழுகு ஒன்று மேலிருந்து பாய்கிறது. மான் ஆற்றுக்குள் குதிக்கிறது. கேமரா அதோடு தண்ணீருக்குள் போகிறது. அந்த இடத்தில் ஆங்கிலக்காரர் பேசுவதை நிறுத்திவிடுகிறார். அந்த மானுக்குத் தண்ணீருக்குள் என்ன கேட்டிருக்கும் என்பதை நாம் கேட்பதற்காகச் சத்தத்தை மட்டும் விட்டிருக்கிறார்கள். வசனத் தாளில் அப்படி எந்தக் குறிப்பும் இல்லை. காது கேட்கிறவனுக்குக் குறிப்பு தேவையும் இல்லை. அவர் நிறுத்தினால் நிறுத்த வேண்டியதுதான்.

நான் நிறுத்தவில்லை. மான் மூழ்கியதும் என் குரலிலேயே மிக நல்ல குரலை எடுத்து, "ஆழத்தின் அமைதியில்..." என்று அடுத்த வரியை ஆரம்பித்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்த ஒலிப்பதிவாளர் கையைக் காட்டி நிறுத்தினார். மறுபடியும் எடுத்தோம். மறுபடியும் அதே இடத்தில் நுழைந்தேன். மூன்றாவது தடவை குரலை இன்னும் உருக்கமாக்கினேன், உருக்கம் போதவில்லை என்றுதான் நிறுத்துகிறார்களோ என்று.

இயக்குநர் ஒரு இளம் பெண். என் மகளைவிடச் சில வயது சின்னவள். தே தாரிக் கோப்பையை உதட்டில் வைத்தபடி மைக்கில் ஏதோ கேட்டாள். உதடு எனக்குத் தெரியவில்லை. குரல் கடைசியில் மேலே ஏறியதுபோல் மட்டும் இருந்தது.

"ஆமாம்மா" என்றேன்.

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள். மறுபடியும் கேட்கவில்லை. எழுந்து கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்து, என் எதிரில் முகம் நன்றாகத் தெரியும்படி உட்கார்ந்தாள்.

"அங்கிள், இன்னிக்கே முடிக்கலாமா, இல்ல நாளைக்கு வச்சுக்கலாமான்னு கேட்டேன். அதுக்கு ஆமான்னா என்னா அர்த்தம்?"

ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டேன். "இனிமே கூப்பிட மாட்டீங்க, அப்படித்தானே?" என்று கேட்டபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"யாரு அப்படிச் சொன்னா? உங்க குரல் நல்லாத்தானே இருக்கு. காதுக்குத்தானே பாக்கணும்? பங்சார்ல ஒரு எடம் இருக்கு. எங்கப்பா அங்கதான் போறாரு. இந்தப் படத்துக்கு இன்னும் டைம் இருக்கு, நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க லா."

இவ்வளவு சுலபமாக முடிந்துவிட்டதே என்று எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. இத்தனை நாள் நான் கட்டிக்காத்த ரகசியத்தை அவள் மிச்சத் தேத்தண்ணியோடு சேர்த்து முடித்துவிட்டாள்.

பங்சாரில் என்னைக் கண்ணாடி வைத்த ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்தார்கள். நான் வேலை செய்யும் அறை மாதிரியேதான் இருந்தது, பேசும் வேலை மட்டும் இல்லை. சத்தம் கேட்கும்போதெல்லாம் கையில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். முதலில் சில சத்தங்கள் கேட்டன. பிறகு ஒன்றும் வரவில்லை. தேர்வில் தோற்பது எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. அவர்கள் சத்தம் கொடுக்கும் இடைவெளி எனக்குப் பிடிபட்டுவிட்டது. இடைவெளி பிடிப்பதுதானே என் தொழில். கேட்காவிட்டாலும் அந்தத் தாளத்துக்குப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருந்தேன். நன்றாகத்தான் செய்கிறோம் என்று ஒரு நம்பிக்கையும் வந்தது.

சோதனை செய்த பெண் கதவைத் திறந்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"அங்கிள், நான் சத்தம் போடுறத நிறுத்தி ரொம்ப நேரமாச்சு. நீங்கபாட்டுக்கு அமுக்கிக்கிட்டு இருக்கீங்க."

நானும் சிரித்தேன். சிரித்து முடித்த பிறகு கண் கலங்கிவிட்டது. அவள் தாளைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டாள்.

காதுக் கருவி கைக்கு வர மேலும் சில நாட்கள் ஆயின. மாட்டிவிட்டு வெளியே அனுப்பினார்கள். முதல் நாள் சோதனை செய்த பெண்ணையும் கருவியையும் சேர்த்துத் திட்டினேன். பிளாஸ்டிக் பை சரசரத்தது, செருப்பு தரையில் உரசியது, பஸ் பிரேக் போட்டது எல்லாம் ஒரே அளவில் வந்து விழுந்தன. வீட்டில் குளிர்பெட்டி இவ்வளவு சத்தம் போட்டுக்கொண்டா இருந்தது? என் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வந்தது. பழகும், பழகும் என்றார்கள். மூன்று தடவை கழற்றி வைத்தேன், மூன்று தடவையும் நானே எடுத்து மாட்டிக்கொண்டேன். கழற்றியதும் வீடு மறுபடியும் செத்துப்போனது.

மான் படத்தை முடிக்கப் பெட்டாலிங் ஜெயா போனேன். கருவியின்மேல் ஹெட்போன் சரியாக உட்காரவில்லை. ஒலிப்பதிவாளர் எங்கிருந்தோ பெரிய ஹெட்போன் ஒன்றைத் தேடி எடுத்து வந்தார். அந்தக் காட்சி வந்தது. கழுகு பாய்ந்தது, மான் குதித்தது, ஆங்கிலக்காரர் நிறுத்தினார். நானும் நிறுத்தினேன்.

முதலில் குமிழிகளின் சத்தம் வந்தது. கூழாங்கற்கள் ஒன்றோடொன்று உரசின. மேலே கழுகு கத்தியது தூரத்திலிருந்து மங்கலாக வந்தது. இதெல்லாம் யாரோ கற்பனையில் சேர்த்த சத்தம்தான், எனக்குத் தெரியாதா என்ன. ஆனாலும் அந்த மான் தண்ணீருக்கடியில் தலையை அசைக்காமல் கேட்டுக்கொண்டு நின்றபோது நானும் அசையவில்லை. சத்தம் தணிந்ததும் ஆங்கிலக்காரர் மூச்சை இழுத்தார். அந்த மூச்சே எனக்குக் கேட்டது. என் வரியைச் சொன்னேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இயக்குநர் இரண்டு கட்டைவிரல்களையும் தூக்கிக் காட்டினாள்.

மறுநாளைக்கு மறுநாள் ஞாயிறு. காலையிலேயே குளித்துவிட்டுச் சாப்பாட்டு மேசையில் போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மின்விசிறியை நிறுத்தினேன். ஜன்னலைச் சாத்தினேன். பரீட்சைக்குப் போகிறவன்போல் காதுக் கருவியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

"பா, சாப்டீங்களா?"

என் மகளின் குரல். எழுத்து எழுத்தாக வந்தது. நான் மனதில் வைத்திருந்த குரல் இல்லை இது. கொஞ்சம் கனத்திருந்தது. களைப்பு இருந்தது. அவள் பின்னால் யாரும் பேசவில்லை, டி.வி. ஓடவில்லை. ஏதோ ஒரு குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. இத்தனை நாளாக அவள் இப்படி ஓர் அமைதியான வீட்டிலிருந்துதான் என்னோடு பேசிக்கொண்டிருந்தாளா?

"சாப்டேம்மா. இட்லி."

"ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா?"

"தூங்கினேன்."

"அங்க மழையா?"

"இல்லம்மா, வெயில்தான்." அதற்குமேல் என்னால் முடியவில்லை. "மா, ஒண்ணு சொல்லணும். எனக்குக் கொஞ்ச நாளாக் காது சரியாக் கேக்காம இருந்துச்சு. இப்ப மெஷின் போட்டிருக்கேன். நீ பேசுறது நல்லாக் கேக்குது."

குழாயின் சொட்டு மட்டும் கேட்டது.

"தெரியும்பா" என்றாள்.

"என்னா தெரியும்?"

"காது கேக்கலன்னு. ரொம்ப நாளாத் தெரியும். ஒரு தடவ நான் வேலைய விட்டுட்டேன்னு சொன்னேன். நீங்க சிரிச்சுட்டு, சரிம்மான்னீங்க. எனக்குக் கோவம் வந்துச்சு. போன வச்சுட்டு அழுதேன். அடுத்த வாரம் வேற ஒண்ணு சொன்னேன். அதுக்கும் சரின்னீங்க. அப்பதான் புரிஞ்சுச்சு."

"அப்பவே கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டா கேக்குதும்மான்னு சத்தம் போடுவீங்க. அப்புறம் போன எடுக்கவே மாட்டீங்க. உங்களத் தெரியாதா எனக்கு? அதான் ஆமான்னு சொல்ற மாதிரி கேள்வியா மட்டும் கேட்டேன். சாப்டீங்களா, தூங்கினீங்களா, மழையான்னு. எது கேட்டாலும் ஆமான்னா தப்பில்லாத மாதிரி."

அவள் ஏன் ஒருமுறைகூடப் புரியலியா என்று கேட்கவில்லை என்பதற்கு இதுதான் காரணம். என் சாமர்த்தியம் என்று நான் நினைத்திருந்தது முழுக்க அவளுடையது.

"அப்ப உன்னப் பத்தி?" என்றேன். "இத்தன நாளா உனக்கு என்னா ஆச்சு, நீ எப்படி இருந்தேன்னு..."

"அதெல்லாம் ஒண்ணுமே சொல்லலப்பா."

வேலையை விட்டது ஒன்று. அடுத்த வாரம் சொன்னதாகச் சொன்னாளே, அது என்ன? அதற்குப் பிறகு சொல்லாமலே விட்டது எத்தனை? நாற்காலியை மேசையோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

"இப்பச் சொல்லும்மா. எனக்குக் கேக்குது."

அவள் மூச்சை உள்ளே இழுத்தது கேட்டது. பேச ஆரம்பிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். மூச்சு அப்படியே வெளியே போய்விட்டது. மறுபடியும் இழுத்தாள்.

"எதுலேருந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியலப்பா."